பிரபலங்களை மன்னிப்பது யார் வேலை? திரும்பி வர எவ்வளவு காலம்?

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய பதிவுகளுக்காக ஒரு பிரபலத்தை இப்போது எல்லோரும் சேர்ந்து ஒதுக்குகிறார்கள், அவர் மன்னிப்பும் கேட்டுவிட்டார், ஆனாலும் விட மறுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு முடிவே கிடையாதா, அவர் இன்னும் என்னதான் செய்ய வேண்டும், மன்னிக்கவே கூடாத தவறு என்று ஏதாவது உண்டா, ரசிகராக நீங்கள் என்ன செய்யலாம் என்பவை உங்கள் கேள்விகள். நான்கையும் இழுத்துப் பார்த்தால் வேர் ஒன்றுதான்: இந்த விவகாரத்தை முடித்துவைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? பொது நெருக்கடிகளில் அறிக்கை எழுதிக் கொடுப்பதும், இரு தரப்பையும் பேச வைப்பதும் என் வேலை. இந்த வேலையில் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

மன்னிப்பு கேட்கும் எவரும் ஒரே மூச்சில் மூன்று பேரிடம் மூன்று விஷயங்களைக் கேட்கிறார். பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்பு. வேலை கொடுப்பவர், ஸ்பான்சர், டிக்கெட் வாங்குபவர் ஆகியோரிடம் மறுவாய்ப்பு. தன்னிடமே மாற்றம். மூன்றுக்கும் கணக்கு வேறு. பாதிக்கப்பட்டவர் மன்னித்த பிறகும் ஒரு நிறுவனம் அவரை வேலைக்கு எடுக்காமல் இருக்கலாம், அதில் தப்பில்லை. பாதிக்கப்பட்டவர் மன்னிக்காமலேயே வேறொரு நிறுவனம் வேலை கொடுக்கலாம், அதுவும் நடக்கிறது. தனக்கு எதுவுமே நடக்காத ஒருவர் "நான் அவரை மன்னித்துவிட்டேன்" என்று பதிவு போடுவதற்கும், "நான் ஒருநாளும் மன்னிக்க மாட்டேன்" என்று பதிவு போடுவதற்கும் எடை ஒன்றுதான், ஏறக்குறைய பூஜ்யம். பார்வையாளர்களால் கொடுக்கவும் மறுக்கவும் முடிந்தது மறுவாய்ப்பை மட்டுமே. இதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது, தவறு எந்த வகை. பழைய பதிவுகள் என்கிறீர்கள். ஒரு சமூகத்தையே கேலி செய்த பழைய சொற்கள், நேற்று மேடையில் பேசிய சொற்கள், குறிப்பிட்ட ஒரு மனிதரிடம் செய்த செயல், பதவியை வைத்துச் செய்த செயல், சட்டப்படி குற்றம் ஆகிய எல்லாவற்றுக்கும் இணையத்தில் ஒரே ஹேஷ்டேக்தான் கிடைக்கிறது. வேலைக்கு எடுப்பவர் அப்படிப் பார்க்கக் கூடாது. அவர் கேட்க வேண்டிய கேள்வி: இவர் திரும்பி வரும் இடம், அதே தவறை மறுபடி செய்ய வாய்ப்புள்ள இடமா? பழைய அசிங்கமான நகைச்சுவைக்காக 2018 ஜூலையில் டிஸ்னி நிறுவனம் இயக்குநர் ஜேம்ஸ் கன்னை நீக்கியது. நீக்கியதை ஏற்றுக்கொள்கிறேன் என்றே அவர் அறிக்கை விட்டார். 2019 மார்ச்சில் அதே நிறுவனம் அவரைத் திரும்ப அழைத்தது. எட்டு மாதம். அவர் செய்தது சொல். அது பழையது, விவகாரம் வெடிப்பதற்கு முன்பே அவர் அதைப் பற்றி வருத்தம் தெரிவித்திருந்தார், அந்த இடைவெளியில் எழுதியவை வேறு மாதிரி இருந்தன. கீழே வேலை செய்தவர்களிடம் அத்துமீறிய ஒருவருக்கு இந்த எட்டு மாதக் கணக்கைப் போட முடியாது. அவருக்குப் பழைய நாற்காலியைத் திரும்பக் கொடுத்தால், யார் கையில் அந்த அதிகாரம் தவறாகப் போனதோ அவர் கையிலேயே அதை மறுபடி வைக்கிறோம்.

மன்னிப்புக் கேட்பது பற்றி ஓரளவு உறுதியாகத் தெரிந்தவை சில உண்டு. ராய் லெவிக்கி, பெத் போலின், ராபர்ட் லவுண்ட் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 755 பேரை வைத்து இரண்டு சோதனைகள் நடத்தினார்கள். ஒரு மன்னிப்பை ஆறு பகுதிகளாகப் பிரித்தார்கள்: வருந்துவது, என்ன நடந்தது என்று விளக்குவது, பொறுப்பேற்பது, இனிச் செய்ய மாட்டேன் என்பது, சேதத்தைச் சரிசெய்ய முன்வருவது, மன்னிக்கும்படி கேட்பது. எத்தனை பகுதிகள் சேர்கின்றனவோ அந்த அளவுக்கு மன்னிப்பு எடுபட்டது. தனித்தனியாகப் பார்த்தபோது பொறுப்பேற்பது முதலிடம், சரிசெய்ய முன்வருவது இரண்டாமிடம், "மன்னித்துவிடுங்கள்" என்று கேட்பது கடைசி இடம். பிரபலங்களின் அறிக்கைகளோ இதற்கு நேர் தலைகீழாக இருக்கும். மன்னிக்கச் சொல்லி மூன்று முறை கேட்டிருப்பார்கள், பொறுப்பேற்கும் வரி ஒன்றுகூட இருக்காது.

அடிக்கடி கண்ணில் படும், ஒரே அச்சில் வார்த்த அறிக்கை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். "என் கருத்து தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டுள்ளது. யாருடைய மனதையும் புண்படுத்துவது என் நோக்கமல்ல. அப்படி யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன். என்னை அறிந்தவர்களுக்கு நான் யார் என்று தெரியும்." முதல் வரி பழியைப் படித்தவர்மேல் போடுகிறது. இரண்டாவது வரி கேட்காத கேள்விக்குப் பதில். நோக்கம் என்ன என்று யாரும் கேட்கவில்லை, ஏன் எழுதினீர்கள் என்றுதான் கேட்டார்கள். மூன்றாவது வரியில் வரும் "இருந்தால்" எல்லாவற்றையும் கெடுக்கிறது. புண்பட்டவர்கள் கண்முன் நிற்கும்போது, புண்பட்டார்களா என்பதையே சந்தேகக் கணக்கில் எழுதுகிறது. நான்காவது வரி நண்பர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறது. நான்கு வரியிலும் செய்த செயல் என்ன என்பது இல்லை. அந்தப் பதிவுகளைப் பார்க்காத ஒருவர் இதைப் படித்தால், எதற்கு மன்னிப்பு என்றே அவருக்குப் புரியாது. அதுதான் என் முதல் சோதனை: விவகாரம் தெரியாத ஒருவரிடம் அறிக்கையைக் கொடுத்து, இவர் என்ன செய்தார் என்று கேட்க வேண்டும். சொல்லத் தெரியவில்லை என்றால் அறிக்கையைத் திருப்பி எழுத வேண்டும்.

அதையே இப்படி எழுதலாம்: "2012இல் திருநங்கையரைக் கேலி செய்து பல பதிவுகள் எழுதினேன். அவை நான் எழுதியவைதான். அன்று எனக்கு இரண்டு லட்சம் பேர் வாசகர்கள். நான் போட்ட கேலியை அவர்கள் தெருவிலும் அலுவலகத்திலும் யார்மேல் பிரயோகித்தார்களோ, அவர்களுக்கு நான் செய்தது தீங்கு. வயது ஒரு காரணமல்ல, அந்த வயதில் அதைச் செய்யாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இதற்காக நான் செய்யப் போவது இது, இந்தத் தேதிக்குள். எனக்காக யாரும் யாரிடமும் சண்டை போட வேண்டாம்." நீளம் நூறு சொல்லைத் தாண்ட வேண்டியதில்லை. "ஆனால்" என்ற சொல் எங்கே வந்தாலும் அடித்துவிட வேண்டும். செய்தவரே எழுத வேண்டும். மக்கள் தொடர்பு (பி.ஆர்.) ஆள் எழுதினால் வாசனை தெரிந்துவிடும். வழக்கறிஞர் படித்துப் பார்க்கலாம், திருத்தி எழுதக் கூடாது.

கடைசியாகச் சொன்ன அந்த "சண்டை போட வேண்டாம்" வரியைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். விவகாரம் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். மன்னிப்புக் கேட்ட அதே மணி நேரத்தில் ரசிகர்கள் புகார் சொன்னவரின் பக்கத்துக்குப் போய் வசைமாரி பொழிவார்கள், அவருடைய பழைய பதிவுகளைத் தோண்டுவார்கள், வீட்டு முகவரியைத் தேடுவார்கள். பிரபலம் வாய் திறக்க மாட்டார். அவர் மௌனம் சம்மதம் என்றே படிக்கப்படும், அப்படிப் படிப்பதில் நியாயமும் உண்டு. ஒருமுறை சொன்னால் போதாது. ரசிகர் மன்றங்கள், பெரிய ரசிகர் கணக்குகள் ஆகியவற்றை நடத்துபவர்களிடம் நேரடியாகப் பேசி நிறுத்தச் சொல்ல வேண்டும். அடுத்த வாரமும் சொல்ல வேண்டும்.

முழு மன்னிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் 2018 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளர் டான் ஹார்மன் கேட்டது. தன்கீழ் வேலை செய்த பெண் எழுத்தாளரிடம் தவறாக நடந்துகொண்டதைப் பற்றித் தன் பாட்காஸ்டில் பேசினார். பொத்தாம் பொதுவாக இல்லாமல் வரிசையாகச் சொன்னார்: அவர்மேல் ஈர்ப்பு வந்தது, அது தவறு என்று தெரிந்தும் காட்டிக்கொண்டது, அவர் மறுத்த பிறகு அவரை மோசமாக நடத்தியது, தன் அதிகாரத்தால் அவருடைய வேலைத்திறன்மேல் அவருக்கே சந்தேகம் வரச் செய்தது. இவ்வளவையும் செய்ய முடிந்ததற்குக் காரணம் தான் அதைப் பற்றி யோசிக்காமல் இருந்ததே என்றும் சொன்னார். அந்தப் பெண் அதைக் கேட்டுவிட்டு, எப்படி மன்னிப்புக் கேட்பது என்பதற்கு இது ஒரு பாடம் என்று பொதுவெளியிலேயே சொல்லி, மன்னித்தார். கவனிக்க வேண்டியது, அந்த உரை அவருக்கு நடந்ததை உறுதிப்படுத்தியது. தனக்கு நடந்தது கற்பனையல்ல என்று செய்தவர் வாயாலேயே கேட்பதுதான் பலருக்கு வேண்டியிருக்கிறது. ஒரு எச்சரிக்கையும் உண்டு: அந்தப் பெண் தானே முன்பு பொதுவெளியில் விஷயத்தை எழுப்பியிருந்தார். பேர் வெளியே வர விரும்பாத ஒருவருடைய கதையை "நான் மனம் திறக்கிறேன்" என்று மைக் முன் உட்கார்ந்து சொல்வது இரண்டாவது தீங்கு.

நேரம் பற்றி இரண்டு கருத்து இருக்கிறது, இரண்டும் பாதி சரி. உடனே கேட்டுவிட வேண்டும் என்பார்கள் பி.ஆர். துறையில். ஃப்ரான்ட்ஸ், பென்னிக்சன் என்ற உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட சோதனைகளில், சற்றுத் தாமதமாக வந்த மன்னிப்பு கூடுதல் பலன் தந்தது. காரணம், பாதிக்கப்பட்டவர் தான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து, அது எதிராளிக்குப் புரிந்தது என்று உணர்ந்த பிறகு அது வந்தது. அது இரண்டு பேருக்கு இடையிலான சச்சரவு பற்றிய ஆய்வு, லட்சம் பேர் கூச்சல் போடும் இடத்துக்கு அப்படியே பொருந்தாது. நடைமுறையில் நான் சொல்வது இரண்டு படி. முதல் 24 மணி நேரத்தில் மூன்று வரி: அது நான்தான், அது தவறு, சம்பந்தப்பட்டவர்களிடம் பேசிவிட்டு வருகிறேன். பிறகு உண்மையிலேயே பேச வேண்டும். முழு அறிக்கை அதற்குப் பின்னால், ஒன்றிரண்டு வாரத்தில். நடிகர் கெவின் ஹார்ட் 2018 டிசம்பரில் ஆஸ்கர் விழாவைத் தொகுத்து வழங்க ஒப்பந்தமானார். பழைய ட்வீட்கள் கிளம்பியதும், ஏற்கெனவே இதைப் பற்றிப் பேசிவிட்டேன், மறுபடி மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று வீடியோ போட்டார். சில மணி நேரத்தில் விலகிக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். மறுத்துவிட்டுக் கேட்ட மன்னிப்புக்கு மதிப்பு பாதியாகிவிடுகிறது, அது மனமாற்றமா அழுத்தமா என்று யாருக்கும் தெரியாது.

பதிவை அழிப்பது பற்றியும் கேட்பார்கள். அழிக்கலாம், ஆனால் ஒளிந்துகொண்டு அழிக்கக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே எடுத்திருப்பார்கள். அழித்தேன், இதனால் அழித்தேன் என்று சொல்லிவிட்டு அழிப்பது வேறு. நீதிமன்றம் போய் அழிக்கப் பார்ப்பது இன்னும் மோசம். 2003இல் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் தன் கடற்கரை வீடு தெரியும் ஒரு படத்தை நீக்கச் சொல்லி 5 கோடி டாலர் வழக்குப் போட்டார். வழக்குக்கு முன் அந்தப் படம் ஆறு முறைதான் பதிவிறக்கப்பட்டிருந்தது, அதிலும் இரண்டு அவருடைய வழக்கறிஞர்கள் எடுத்தவை. வழக்குச் செய்தி வந்த ஒரு மாதத்தில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் அந்தத் தளத்துக்குப் போனார்கள். 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூகுள் வழக்கில் பழைய செய்திகளைத் தேடல் முடிவிலிருந்து நீக்கக் கேட்கும் உரிமையைக் கொடுத்தபோதும், பொதுவாழ்வில் பங்குள்ளவர் என்றால் கணக்கு மாறும் என்று சேர்த்தே சொன்னது.

இனிச் சந்தேகத்துக்குரிய பகுதி. மன்னிப்புக் கேட்டால் பொதுமக்கள் ஆதரவு கூடுமா? இதற்கு யாராவது உறுதியாக ஆம் என்றால் நம்பாதீர்கள். 2004இல் பீட்டர் கிம்மும் கூட்டாளிகளும் செய்த சோதனையில், திறமைக் குறைவால் வந்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டவர்கள்மேல் நம்பிக்கை திரும்பியது. நேர்மைக் குறைவால் வந்த தவறுக்கோ, மறுத்தவர்களுக்கே அதிகம் திரும்பியது. பிறகு குற்றம் செய்ததற்கு ஆதாரம் வந்துவிட்டால் மட்டும், முன்பே மன்னிப்புக் கேட்டவர் தேறினார். அரசியல், கல்வித்துறைப் பிரபலங்களின் உண்மையான சர்ச்சைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்றில், ஹார்வர்ட் தலைவராக இருந்த லாரி சம்மர்ஸ் மன்னிப்புக் கேட்டார் என்று படித்தவர்களிடம் அவர் விளைவைச் சந்திக்கத்தான் வேண்டும் என்ற எண்ணம் குறையவில்லை, கூடியது. காரணத்தை ஊகிப்பது எளிது: எதிரிகளுக்கு அது வாக்குமூலம், ஆதரவாளர்களுக்கு அது சரணாகதி. ஆனால் இவை எல்லாம் சில நிமிடம் படித்துவிட்டு விடை எழுதிய சோதனைகள். ஐந்து ஆண்டுக்குப் பிறகு என்ன நினைத்தார்கள் என்று அவை சொல்லாது. ஆக, வேலையைத் திரும்பப் பெறும் உத்தியாக மன்னிப்பைப் பயன்படுத்தினால் அது நஷ்டக் கணக்காகவே முடியலாம். தவறு செய்த கடன் இருந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் கேட்கக் கூடாது. இரண்டாவது பாதியும் முக்கியம். செய்யாததற்குக் கூட்டம் கேட்கிறது என்பதற்காக மன்னிப்புக் கேட்பவர், பிறகு தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பையே இழக்கிறார். உண்மை எது என்பதே தகராறில் இருந்தால் வழி மன்னிப்பல்ல, விசாரணை. அதுவும் தன்னிடம் சம்பளம் வாங்காத ஆள் நடத்தும் விசாரணை. குற்ற வழக்காகக்கூடியது என்றால் வழக்கறிஞர் சொல்வதே முதலில். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2006இல் கொண்டுவந்தது போன்ற சட்டங்கள் மன்னிப்பைச் சிவில் வழக்கில் பொறுப்பை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வதைத் தடுக்கின்றன. எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

சரிசெய்வது என்ற இடத்துக்கு வருவோம். இங்கே தவறும் பரிகாரமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். 2019 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பெண்களைப் பற்றி இழிவாகப் பேசியதற்காக ஹர்திக் பாண்டியாவும் கே.எல். ராகுலும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஏப்ரலில் கிரிக்கெட் வாரியத்தின் குறைதீர்ப்பாளர் ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார்: உயிரிழந்த துணை ராணுவக் காவலர்கள் பத்துப் பேரின் குடும்பங்களுக்குத் தலா ஒரு லட்சம், பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்குப் பத்து லட்சம். இரண்டுமே நல்ல காரியம், செய்த தவறோடு இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அவமானப்பட்டவர் ஒருவர், பணம் போனது வேறொருவருக்கு. எதிர்ப்பக்கம் மைக்கேல் விக். அமெரிக்கக் கால்பந்து வீரரான அவர் நாய்ச்சண்டை நடத்தியதற்காக 2007இல் 23 மாதத் தண்டனை பெற்றார். மீட்கப்பட்ட நாய்களின் பராமரிப்புக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. 2009இல் வெளியே வந்ததும் தன்னைக் கடுமையாக எதிர்த்த விலங்குநல அமைப்போடு சேர்ந்து, நாய்ச்சண்டையில் ஈர்க்கப்படும் வயதில் இருந்த இளைஞர்களிடம் பேசினார். 2011இல் நாய்ச்சண்டையை வேடிக்கை பார்ப்பதையும் குற்றமாக்கும் மசோதாவுக்கு ஆதரவு கேட்டு நாடாளுமன்றத்துக்குப் போனார். இன்றும் அவரை ஏற்காதவர்கள் நிறைய. அவர்கள் உரிமை அது. ஆனால் நாய்களுக்குச் செய்த தீங்கு நாய்கள் பக்கமே திரும்பிப் போனது என்பதை மறுக்க முடியாது.

காலக்கெடு பற்றிப் பேச கிரிக்கெட்டில் நல்ல பாடம் கிடைக்கிறது. 2018 மார்ச்சில் கேப்டவுனில் பந்தை உப்புத்தாளால் தேய்த்த விவகாரத்தில் ஆஸ்திரேலிய வீரர்கள் ஸ்டீவ் ஸ்மித்துக்கும் டேவிட் வார்னருக்கும் 12 மாதம், பேங்க்ராஃப்ட்டுக்கு 9 மாதம் தடை. மூவரும் உள்ளூர்க் கிரிக்கெட்டில் நூறு மணி நேரம் தன்னார்வப் பணி செய்ய வேண்டும். ஸ்மித் மேலும் ஓராண்டு தலைமைப் பொறுப்புக்கு வர முடியாது. தண்டனை கடுமை என்று அன்றே பலர் சொன்னார்கள். ஆனாலும் அதில் தேதி இருந்தது. ஸ்மித் தேதி முடிந்து வந்தார், 2019 ஆஷஸில் 774 ஓட்டம் எடுத்தார், அரங்கில் கேலி செய்தவர்கள் இருந்தாலும் அவர் ஏன் ஆடுகிறார் என்ற கேள்வி எழவில்லை. வார்னர் ஆடத் திரும்பிவிட்டாலும் தலைமைப் பொறுப்புக்கு அவருக்கு ஆயுள் தடை, மேல்முறையீட்டுக்கு வழியும் இல்லை. 2022 நவம்பரில்தான் வாரியம் விதியை மாற்றியது. அவர் விண்ணப்பித்தார், விசாரணையைப் பொதுவில் நடத்த வேண்டும் என்று குழு நினைத்ததும் டிசம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2024 அக்டோபரில் தடை நீங்கியபோது அவர் சர்வதேசப் போட்டிகளிலிருந்தே ஓய்வு பெற்றிருந்தார். அதே ஆட்டம், அதே உப்புத்தாள். ஒருவருக்கு முடிவு எழுதப்பட்டிருந்தது, மற்றவருக்கு எழுதப்படவில்லை. இணையத்தில் ஒதுக்கப்படுபவர் எல்லோரும் வார்னர் நிலையில் இருக்கிறார்கள். குற்றம் செய்து தண்டனை முடித்தவருக்குக்கூட, பெரும்பாலான தண்டனைகளில், குறிப்பிட்ட காலம் கழித்து அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று பிரிட்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பழைய ட்வீட்டுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. அதனால் ஒப்பந்தம் போடும் நிறுவனம்தான் எழுத வேண்டும்: எந்தத் தவறுக்கு, எவ்வளவு காலம், எந்தப் பொறுப்புகள் கிடையாது, எதைச் செய்து முடித்தால் மறுபரிசீலனை, யார் பார்ப்பார்கள். எத்தனை மாதம் என்பதைவிட இந்த ஐந்தும் எழுத்தில் இருப்பது எனக்கு முக்கியம்.

திரும்பி வருவதிலும் முறை இருக்கிறது. நகைச்சுவைக் கலைஞர் லூயி சி.கே. 2017 நவம்பரில் பெண்கள் சொன்ன பாலியல் புகார்கள் உண்மை என்று ஒப்புக்கொண்டார். அந்த அறிக்கையில் மன்னிப்பைக் குறிக்கும் நேரடிச் சொல் இல்லாதது அப்போதே கண்டிக்கப்பட்டது. ஒன்பது மாதம் கழித்து நியூயார்க்கில் ஒரு மேடையில் முன்னறிவிப்பு இல்லாமல் ஏறினார். காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு, இவரைப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் வாய்ப்பே இல்லை. சம்மதம் கேட்காமல் செய்ததற்காக ஒதுக்கப்பட்டவர் சம்மதம் கேட்காமலேயே திரும்பி வந்தார் என்று விமர்சித்தார்கள். 2022இல் கிராமி விருதும் வாங்கினார். சந்தை அவரைத் திரும்ப உள்ளே விட்டது, விவாதம் முடியவில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டு, சின்ன இடத்தில், மற்றவர்கள் வேலை தன் கையில் இல்லாத பொறுப்பில் தொடங்கியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் கணிப்பு.

திரும்பி வராமலேயே மீண்டவர் ஒருவர் உண்டு. பிரிட்டிஷ் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃபூமோ, ஒரு பெண்ணுடன் இருந்த உறவைப் பற்றி நாடாளுமன்றத்தில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு 1963 ஜூனில் பதவி விலகினார். கிழக்கு லண்டனில் ஏழைகளுக்காக இயங்கும் டாயின்பீ ஹால் என்ற தொண்டகத்துக்குப் போய், பாத்திரம் கழுவுவது போன்ற வேலைகளில் தொடங்கி, 2006இல் இறக்கும் வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதோடு இருந்தார். அரசியலுக்குத் திரும்பக் கேட்கவில்லை, பேட்டிகளில் தன் தரப்பை விளக்கவும் இல்லை. 1975இல் அவருக்கு அரசு விருது கொடுத்தார்கள். இதை எல்லோருக்கும் விதியாக வைக்க முடியாது. அவருக்குக் குடும்பச் சொத்து இருந்தது, சம்பளம் இல்லாமல் நாற்பது ஆண்டு தொண்டு செய்ய எல்லோராலும் ஆகாது. பழைய பதிவு எழுதிய ஒருவரை நாற்பது ஆண்டு பாத்திரம் கழுவச் சொல்வதும் அபத்தம். அவருடைய பொய் நாடாளுமன்றத்திடம், அவர் திருப்பிக் கேட்காததும் நாடாளுமன்றத்தின் நம்பிக்கையை. அந்தப் பொருத்தத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மன்னிக்கவே கூடாத தவறு உண்டா என்றால், அதைப் பாதிக்கப்பட்டவர் மட்டுமே சொல்ல முடியும், அவர் சொல்வது அவரைக் கட்டும், மற்றவரைக் கட்டாது. சமூகம் எடுக்க வேண்டிய முடிவு வேறு. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக்குப் பின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைந்தபோது, பொதுமன்னிப்புக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. 849 பேருக்குக் கிடைத்தது. அங்கே நிபந்தனை, அரசியல் நோக்கத்தோடு செய்த செயலைப் பற்றி முழு உண்மையும் சொல்ல வேண்டும் என்பது. வருந்த வேண்டும், அழ வேண்டும் என்று நிபந்தனை இல்லை. அது பல குடும்பங்களுக்குக் கசந்தது. ஆனாலும் அந்த ஏற்பாட்டின் காரணம் எனக்குப் புரிகிறது: கண்ணீர் உண்மையா என்று எந்தக் குழுவாலும் அளக்க முடியாது, சொன்ன தகவல் உண்மையா என்று சரிபார்க்க முடியும். பிரபலங்கள் விஷயத்திலும் முகபாவத்தை ஆராய்வதை விட்டுவிட்டு, செய்ததை முழுதாகச் சொன்னாரா, பணம் போய்ச் சேர்ந்ததா, சொன்ன தேதியில் செய்தாரா என்று பார்ப்பது மேல்.

பாதிக்கப்பட்டவர் மறுத்தால்? 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் இதற்கு ஒரு நடைமுறையே வகுத்திருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் நேரில் போய்க் கேட்க வேண்டும். மறுத்தால் நண்பர்கள் மூவரை அழைத்துக்கொண்டு போக வேண்டும். மூன்று முறைவரை. பிறகு விட்டுவிட வேண்டும். மனம் திருந்தியதற்கு அவர் வைக்கும் அடையாளமும் நடைமுறை சார்ந்தது: அதே சந்தர்ப்பம் மறுபடி வந்து, செய்ய முடிந்தும் செய்யாமல் இருப்பது. மறுத்தவர்மேல்தான் இனிப் பாவம் என்று அவர் முடிப்பதை நான் ஏற்கவில்லை. துன்புறுத்தலுக்கு ஆளானவர் வீட்டு வாசலில் மூன்று நண்பர்களோடு போய் நிற்பது இன்னொரு துன்புறுத்தல். இருவருக்கும் பொதுவான ஒரு ஆள் மூலம் ஒருமுறை கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். பரிகாரத்தை மட்டும் நிறுத்தக் கூடாது, அது அவர் மன்னிப்பதற்கான விலையல்லவே.

நீங்கள் சொல்லும் ஆளுக்கு வருகிறேன். சொற்கள், பழையவை, ஒரு சமூகத்தைப் பற்றியவை, மன்னிப்பு கேட்டாயிற்று. அந்த அறிக்கையை எடுத்து, என்ன செய்தார் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசி ஐந்து ஆண்டில் அதே சமூகத்தைப் பற்றி என்ன எழுதினார் என்று தேடிப் பாருங்கள், அரை மணி நேரம் ஆகும். புகார் சொன்னவர்களை ரசிகர்கள் தாக்கியபோது என்ன செய்தார் என்று பாருங்கள். மூன்றும் தேறினால் மறுபடி பின்தொடர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் எனக்கு இன்னும் முடியாது என்றால் அவரோடு வாதாடவும் வேண்டாம். தேறாவிட்டால் சத்தமில்லாமல் விலகிவிடலாம், அதற்கு ஹேஷ்டேக் தேவையில்லை. இன்னொரு பதிவை நீங்கள் பகிரும் நிலை வந்தால், அதற்கு முன் தேதியைப் பாருங்கள், துண்டு வீடியோ என்றால் முழுதும் பாருங்கள், அவர் உண்மையில் பொது மனிதரா என்று பாருங்கள். 2013இல் லண்டனிலிருந்து கேப்டவுனுக்கு விமானம் ஏறுமுன் ஒரு பெண் மோசமான நகைச்சுவை ஒன்றை ட்வீட் செய்தார். அவருக்கு அப்போது 170 பேர்தான் பின்தொடர்பவர்கள். பதினோரு மணி நேரம் கழித்து இறங்கியபோது உலகம் முழுக்க அவர் பெயர் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது, வேலையும் போனது. இந்தப் பதிலில் சொன்ன ஸ்பான்சர், ரசிகர் மன்றம், மறுபரிசீலனைக் குழு எதுவும் அப்படிப்பட்டவருக்குக் கிடையாது.